முலாம் பிடிக்காத இடம்

ஓசூர்
18-1-1955

அன்புள்ள கெம்பம்மா அக்காவுக்கு, உன் ஒரே தம்பியும், உன் மருமகளைப் பெற்றவனும், ஆக இரண்டு வழியிலும் உன் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியவனுமான ஆஞ்சப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாராயணம்மாவும் சுகம். அங்கே கங்கப்பன் மாமா, மாப்பிள்ளை சின்னராஜ், என் மகள் செல்லி, எட்டு மாதப் பேத்தி ராஜாத்தி எல்லோரும் எப்படி என்று ஒரு வரி எழுதச் சொல். செல்லி, அத்தைக்கு எழுத்து வராது என்பதால் நீதான் இதைப் படித்துக் காட்டுவாய். நான் எழுதியதை எழுதியபடி படி. பயந்துகொண்டு நடுவில் வரிகளை முழுங்காதே.

பொங்கலுக்கு வந்தபோது, மாமா பூசை செய்கிற மாரியம்மனின் மரச்சிலை வெடித்துக்கொண்டே வருவதைக் காட்டினாய். மூன்றாம் முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்ட மயக்கத்தில், "அதுக்கென்ன அக்கா, தலையிலருந்து கால் வரைக்கும் செம்பு முலாம் போட்டுத் தரேன். கண்ணு மூக்கு கூட மாறாது" என்று சொல்லிவிட்டேன். திரும்பும் பஸ் சூளகிரி வருவதற்குள் மயக்கம் தெளிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், என் பட்டறையில் இதுவரை முலாம் ஏறியதெல்லாம் பஸ் விளக்கும் சைக்கிள் ஹாண்டில்பாரும்தான். இரும்பும் பித்தளையும் சமர்த்துப் பிள்ளைகள். தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் பேசாமல் பூச்சை வாங்கிக்கொள்ளும். மரம் அப்படியில்லை. கெட்டியான பொருள் போல நடிக்கிற சல்லடை அது. உடம்பெல்லாம் வாய். தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். மேலே பூச்சு மூடி, நாலு நாள் வெயில் பட்டதும் குடித்ததைக் கக்கும். பூச்சு உப்பிக் கொப்புளமாகிவிடும். அதனால் முதலில் மெழுகு காய்ச்சி எல்லாத் துளையையும் அடைக்க வேண்டும். மரத்தில் மின்சாரம் ஓடாது என்பதால் மேலே பென்சில் கரியைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். அப்புறம்தான் நீல மயில்துத்தம் கரைத்த தொட்டி, செம்பு ஏறுவது அதில்தான்.

பெங்களூரில் வேலை கற்ற காலத்தில் இதை ஒருவர் செய்யப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் நாராயணம்மாவுக்குத் தெரியும். "முதல்ல உங்க வாய்க்கு மெழுகு வையுங்க" என்கிறாள். இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். சிலையை அனுப்பு.

இன்னொன்று. கோடை வரப்போகிறது. பெரியம்மை வராமலிருக்க ராஜாத்திக்கு அம்மை குத்தியாகிவிட்டதா?

உன் தம்பி
ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
30-1-1955

அன்புள்ள அப்பாவுக்கு, செல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். ராஜாத்தி உட்காருகிறாள், உடனே சாய்கிறாள். அத்தை சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏண்டா ஆஞ்சப்பா, அம்மாவைக் கொண்டுபோய் ஹாண்டில்பார் பக்கத்துல தொங்கவிடுவேன்னு எழுதறியே, உனக்குக் கொஞ்சமாவது பயம் இருக்குதா? உங்க மாமா ஊர்ப் பெரியவங்களைக் கேட்டாச்சு. தை அமாவாசை கழிஞ்சாச்சு, வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கலசத் தண்ணிக்கு எழுந்தருளப் பண்ணிடுவோம். மரம் திரும்பி வர்ற வரைக்கும் அவ கலசத்துல இருப்பா. உனக்கு வர்றது வெறும் மரம். மரமா அனுப்பறேன், மரமாவே திருப்பி அனுப்பு. அவ மறுபடி அதுல வர்றது அவ இஷ்டம். அதுவரைக்கும் கவுச்சி தொடாதே. வேப்பிலை இல்லாத இடத்துல வைக்காதே. உன் சிநேகிதன் அந்த வெங்கடப்பன் பட்டறைக்குள்ள பீடி குடிக்கக் கூடாது."

ஊசி விஷயம் கேட்டேன். அத்தை சொல்கிறார்: "அம்மை குத்தறதாவது. வீட்டுல அவளுக்கு விளக்கு வெச்சுட்டு, நீ வராதேன்னு பிள்ளை கையில ஊசியால எழுதறதா? பூசாரி வீட்டுலயே அதைப் பண்ணா ஊர் என்ன பேசும்? அவளே பார்த்துக்குவா."

இவ்வளவும் அத்தை சொன்னது. நான் ஒன்றும் சொல்லவில்லை அப்பா.

செல்லி

ஓசூர்
20-2-1955

என்னைத் திட்டுவதற்காகவே ஆயுள் கூடட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளும் அக்காவுக்கு, ஆஞ்சப்பன். நாராயணம்மாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி?

மாப்பிள்ளை சிலையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது கண்டக்டர், "ஏனு சாமி இது மூட்டை?" என்று கேட்டிருக்கிறான். நம் மாப்பிள்ளைக்குப் பொய் வராது. "மாரியம்மன்" என்றிருக்கிறார். மூட்டையை மேலே ஏற்ற மாட்டேன், கீழேயும் வைக்க மாட்டேன் என்று கண்டக்டர் தன் சீட்டையே கொடுத்துவிட்டு ஓசூர் வரைக்கும் நின்றுகொண்டு வந்தானாம்.

சிலையைச் சுடுதவிட்டில் புதைத்து வைத்திருக்கிறேன். எத்தனை வருஷம் எண்ணெயும் மஞ்சளும் குடித்ததோ, தவிடு மாற்ற மாற்றக் கக்கிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் இருந்தால் மெழுகு ஒட்டாது.

அதற்குள் கை பழகட்டும் என்று துளையுள்ள பொருள்களாகத் தேடித் தேடி முலாம் போட்டுப் பார்த்தேன். செங்கல் துண்டு முதல் தடவை தோற்று இரண்டாம் தடவை ஜெயித்தது. தேங்காய்த் தொட்டி நன்றாக வந்தது. எல்லாவற்றிலும் துளை அதிகமான பொருள் எது என்று யோசித்தபோது நாராயணம்மா தட்டில் ராகிக் களி உருண்டையை வைத்தாள். அதைச் சாப்பிடாமல் எடுத்துப் பத்து நாள் காயவைத்து, மெழுகு குடிக்கவைத்து, கரி தேய்த்துத் தொட்டியில் விட்டேன். அக்கா, தகதகவென்று ஒரு செம்பு உருண்டை. அவள் விரல் பதிந்த இடம்கூட அப்படியே இருக்கிறது. அதைத் தட்டில் வைத்து மேலே கீரைக் குழம்பை ஊற்றி வெங்கடப்பன் முன்னால் வைத்தேன். பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிற ஆள், ஓசியில் வந்தால் ஆராய மாட்டான். உருண்டையைப் பிட்டுப் பார்த்தான், முடியவில்லை. கடித்தான். பிறகு நிமிர்ந்து, "அம்மிணி, இன்னைக்குக் கிண்டினது கொஞ்சம் கெட்டியாயிடுச்சு போல" என்றான். நாராயணம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

செல்லி, ஊசி விஷயத்தில் அத்தை சொன்னதைப் படித்தேன். நான் திருப்பிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்.

தம்பி ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
6-3-1955

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செல்லி வணக்கம். இங்கே சுகம்தான். களி உருண்டைக் கதையைப் படிக்கும்போது மாமா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அத்தை சிரிக்கவில்லை.

"சோத்துல விளையாடாதேடா. அது போவட்டும். அம்மா மூஞ்சியில பென்சில் கரி பூசப் போறியா? பூசறதுதான் பூசறே, கண்ணைக் கடைசியாப் பூசு. வெயில் வந்துட்டுது. ஆத்துக்கு அக்கரையில அம்மா விளையாடறாளாம். மூணு வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருக்குதாம். திருவிழாவுக்குள்ள அவளுக்கு இடம் தயாராவணும். சீக்கிரம் முடி."

அக்கரையில் விளையாடுவது பெரியம்மை, அப்பா. போன வாரம் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். தெருவில் ஒரு பிள்ளையையும் காணோம். எல்லோரையும் ராகிக் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். எதிர்வீட்டுச் சம்பங்கியக்காவின் மகள் குதிருக்குள்ளிருந்து தும்மினாள். "எலி" என்றார் சம்பங்கியக்கா. "எலிக்குச் சளி பிடிச்சிருக்குது போல" என்று சொல்லிவிட்டு அம்மை குத்துகிறவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ராஜாத்தியும் குதிரில்தான் இருந்தாள். அவள் தும்மவில்லை.

செல்லி

ஓசூர்
3-4-1955

அக்காவுக்கு ஆஞ்சப்பன் நமஸ்காரம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் அக்கரை, இக்கரை என்று இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சிலை முடிந்துவிட்டது. இதோடு வருகிற மாப்பிள்ளை கையில் இருப்பது அதுதான். நீ சொன்னபடி கண்ணைக் கடைசியில் பூசினேன். வேப்பிலை தோரணம் கட்டினேன். வெங்கடப்பன் பீடியை வாசலிலேயே அணைத்தான். ஐந்து நாள் தொட்டியில் மெதுவாக ஏற்றினேன். வெற்றிலைக் கனம்கூட வராத பூச்சு, ஆனால் மூக்குத்தித் தழும்புவரை தெரிகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தொட்டியில் தொங்கவிடக் கம்பியை எங்கேயாவது கட்டித்தானே ஆக வேண்டும். கட்டிய இடத்தில் முலாம் ஏறாது. அதனால் பாதி வேலையில் வெளியே எடுத்து, கம்பியை வேறு இடத்துக்கு மாற்றி, முதலில் கட்டிய இடத்தைத் தயார் செய்து மறுபடி உள்ளே விட வேண்டும். அம்மனை இடது மேல்கையில் சுற்றித் தொங்கவிட்டிருந்தேன். அதை மாற்றுகிற சமயம் பார்த்து வெங்கடப்பன் ஒரு கதையோடு வந்தான். பேரிகை ஊர்ப் பெண் ஒருத்தி, கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த பஸ் ரிப்பேராகி நின்றதும், "அவர் பொறுமையா வரட்டும்" என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாளாம். இந்தக் கதை பாதியில் நிறுத்துகிற கதையா சொல்லு. கேட்டுக்கொண்டே கம்பியைப் பீடத்துக்கு மாற்றினேன், கரியைத் தேய்த்தேன், உள்ளே விட்டேன். மாப்பிள்ளை வந்து சேரும்போது அவள் பாயசத்தில் இருந்தாளாம்.

இப்போது மனசு விஷயம். அக்கா, நான் சாமியை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு முலாம்காரனாகச் சொல்கிறேன். பிள்ளை உடம்பும் நுண்ணிய துளையுள்ளதுதான். முன்கூட்டியே ஒரு சொட்டு மெழுகு வைத்துவிட்டால் பிறகு எது வந்தாலும் உள்ளே இறங்காது. ஊசி என்பது அந்த ஒரு சொட்டு. அவ்வளவுதான். உன் காலில் விழுந்ததாக வைத்துக்கொள்.

களி உருண்டையை ராஜாத்திக்கு விளையாட அனுப்பியிருக்கிறேன்.

ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
14-4-1955

அன்புள்ள அப்பாவுக்கு, வருஷப் பிறப்பும் அதுவுமாக எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத அத்தை சொன்னார்.

"ஆஞ்சப்பா, மூட்டையைப் பிரிச்சதும் நான் ஓடிப்போய் விளக்கை ஏத்தினேண்டா. உங்க மாமா கன்னத்துல போட்டுக்கிட்டாரு. உதிக்கிற சூரியன் நிறத்துல நிக்கிறா. ஊரே வந்து பார்த்துட்டுப் போவுது. உன்னைப் பெத்தவங்க இருந்து பார்க்கலையேன்னு இருந்துது. நேத்துக் கலசத்துலருந்து திரும்ப எழுந்தருளப் பண்ணியாச்சு. சிவப்புப் புடவை சாத்தியிருக்குது, எப்பவும்போல இடது தோள்மேல தலைப்பு. வைகாசியில திருவிழா. அதுக்கு நீ வந்து நிக்கணும்.

மெழுகுக் கதை எழுதியிருக்கே. என் பேத்தி மரமா? சைக்கிளா? உன் வேலையை உன்னோட வெச்சுக்க."

உருண்டையை ராஜாத்தி விடுவதேயில்லை. தரையில் உருட்டி, அது போகிற பக்கம் தவழ்கிறாள்.

சம்பங்கியக்காவின் மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.

செல்லி

ஓசூர்
30-4-1955

அக்காவுக்கு, செல்லிக்கு, யார் கையில் இந்தக் கடிதம் முதலில் கிடைக்கிறதோ அவர்களுக்கு.

பத்தொன்பதாம் தேதி ஒரு கார்டு போட்டேன். இருபத்தைந்தாம் தேதி ஒன்று. பதில் இல்லை. தபால்காரன் என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான், அவன் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பதாக நான் நினைக்கிறேன் என்று நினைக்கிறான். சம்பங்கி மகளுக்கு என்ன காய்ச்சல்? இறங்கிவிட்டதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்.

நேற்று ஒரு ஹாண்டில்பாரைத் தொட்டியில் விட்டுவிட்டு மின்சாரத்தைப் போட மறந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்கடப்பன் அதைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளைக்குள் பதில் வராவிட்டால் நாங்கள் இருவரும் புறப்பட்டு வருகிறோம்.

ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
1-5-1955

வர வேண்டாம். அம்மா எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறாள். எதிர்வீட்டில் இருக்கிறாள். இந்த நாட்களில் வெளியூரார் தெருவுக்குள் வரக்கூடாது, இங்கிருந்து யாரையும் வா என்று அழைக்கக்கூடாது, நலம் விசாரித்துக் கடிதமும் எழுதக்கூடாது. அத்தை அந்த வீட்டிலேயே இருந்து வேப்பிலை வீசுகிறார். இந்தக் கார்டு எழுதியது அவருக்குத் தெரியாது.

செல்லி

ஓசூர்
4-5-1955

செல்லி,

கார்டு வந்தது. சுகமா என்று நான் கேட்கவில்லை, உங்கள் வழக்கப்படி. நீயும் எழுத வேண்டாம்.

ஒரு வேடிக்கை எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். வரவில்லை. உன் அம்மா குதிர்ப் பக்கம் பார்த்தாலே அழுகிறாள். ராகி எடுக்கப் போய் வெறுங்கையோடு வருகிறாள்.

அத்தை அந்த வீட்டில் வேப்பிலை வீசிவிட்டு நேராகக் குழந்தையைத் தூக்குகிறாரா? அவர் காதில் விழும்படியே இதைப் படி. அக்கா, ஐம்பது வயதுக்கு நான் கேலி செய்யாத மனுஷர் கிடையாது, கேலி செய்யாத சாமியும் கிடையாது. கேலி இல்லாமல் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஊசி போடவிடு. பாவம் வந்தால் என் தலையில் எழுதிக்கொள்.

ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
20-5-1955

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், முதலில் இது: ராஜாத்தி நன்றாக இருக்கிறாள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது அத்தை. இனி நடந்ததை எழுதுகிறேன். அத்தை எதிரில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்கிறார், நீயே எழுது என்றுவிட்டார்.

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், தெருவில் இறங்கிய அம்மனைக் குளிர்விப்பதற்காகச் சிலையைக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அபிஷேகம் செய்து புடவை சாத்தியது அத்தைதான், அன்று தலைப்பு வலது தோள்மேல் இருந்தது. ஊரே வேப்பிலையும் கூழுமாகக் கூடியிருந்தது. கற்பூரம் காட்டும்போது முன்வரிசையில் நின்ற ஜோதியம்மாள்தான் முதலில் பார்த்தார். "ஐயோ, அம்மா கையைப் பாருங்க" என்றார்.

இடது மேல்கையில் இரண்டு கொப்புளம், அப்பா. பக்கத்துப் பக்கத்தில். வட்டமாக, நடுவில் கொஞ்சம் குழிந்து. முகத்தில் இல்லை, மார்பில் இல்லை, வேறு எங்கேயும் இல்லை. செம்பு அங்கே மட்டும் உப்பியிருந்தது. அம்மாவுக்கே அம்மை கண்டுவிட்டதென்று சம்பங்கியக்கா தரையில் விழுந்தார்.

அப்போது சரோஜம்மாள், அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறானே, அவர் முன்னால் வந்து உற்றுப் பார்த்தார். "இது அம்மை இல்லடி. அம்மைன்னா மூஞ்சியில தானே முதல்ல வரும்? என் மகன் கையில இதே இடத்துல, இதே மாதிரி ரெண்டு இருக்குது. பட்டாளத்துல குத்தினது. இது அம்மை குத்தின இடம்" என்றார்.

மாமா கற்பூரத் தட்டோடு நிற்கிறார், கற்பூரம் அணைந்தது தெரியவில்லை. அத்தைதான் பேசினார். சாமி வந்து ஆடவில்லை, சாதாரணமாகக் கீரைக்காரியிடம் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"அவளே கையை நீட்டியிருக்கறா. நாம யாரு நீட்ட மாட்டேங்கறதுக்கு?"

என் இடுப்பிலிருந்து ராஜாத்தியை வாங்கிக்கொண்டு நேரே ரோட்டுப் பக்கம் நடந்தார். அம்மை குத்துகிறவரைக் கூட்டிவர ஊத்தங்கரைக்கு ஆள் அனுப்பினார். மத்தியானம் அவர் வந்தபோது தெரு முழுவதும் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறது. அவர் சைக்கிளிலிருந்து இறங்காமல், தன்னை அடிக்கக் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தார். உங்கள் மாப்பிள்ளை ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். முதல் ஊசி ராஜாத்திக்கு. இரண்டாவதுக்கு அத்தை தன் கையை நீட்டினார். மூன்றாவது, குதிருக்குள் எலி என்றாரே சம்பங்கியக்கா, அவருடைய கடைசிப் பையனுக்கு.

சம்பங்கியக்காவின் மகள் பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. முகத்தில்தான் தழும்பு இனி எப்போதும் இருக்கும்.

ராஜாத்திக்குக் குத்திய இரண்டு இடத்திலும் நன்றாகக் கொப்புளித்து, இப்போது பொருக்கு கட்டியிருக்கிறது. ஒரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

செல்லி

ஓசூர்
26-5-1955

மகா கனம் பொருந்திய கெம்பம்மா அக்காவுக்கு, ஆஞ்சப்பன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. அதைத் தவிர இவ்விடம் பரம சுகம்.

மஞ்சள் மூலையைப் பார்த்ததும் தபால்காரனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவன் பயந்து மற்றத் தெருத் தபாலையும் என்னிடமே போட்டுவிட்டான். நாராயணம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு களி கிண்டினாள். வெங்கடப்பனையும் கூப்பிட்டோம். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான்.

அக்கா, இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊர் நம்பியிருப்பதை உடைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் உன்னிடம் மறைத்தால் சோறு இறங்காது. அம்மன் கையில் கம்பி சுற்றியிருந்தது இரண்டு சுற்று. அதே இடம். கம்பியை மாற்றும்போது அங்கே மெழுகு வைத்து அடைக்க வேண்டும். பாயசம் சாப்பிட்ட பேரிகைப் பெண்ணைக் கேட்டுக்கொண்டே வெறும் கரியைத் தேய்த்து உள்ளே விட்டுவிட்டேன். மரம் குடித்தது. சித்திரை வெயிலில் கக்கியது. இதுதான் நடந்தது. என் இருபது வருஷ அனுபவத்தில் இவ்வளவு கேவலமான வேலை செய்ததில்லை. இவ்வளவு நல்ல வேலையும் செய்ததில்லை.

திருவிழாவுக்கு முன்னால் நான் வந்து அந்த இரண்டு இடத்தையும் சுரண்டி, மெழுகு வைத்து, ஒழுங்காக மூடிக் கொடுத்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி.

தம்பி
ஆஞ்சப்பன்

சிங்காரப்பேட்டை
3-6-1955

அப்பாவுக்கு செல்லி வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பொருக்கு உதிர்ந்து ராஜாத்தி கையில் இரண்டு சின்னக் காசு போல நிற்கிறது. உங்கள் கடிதத்தை அத்தைக்கு மட்டும் படித்துக் காட்டினேன், மாமாவைக்கூட வெளியே அனுப்பிவிட்டு. அத்தை சொல்வது:

"ஆஞ்சப்பா, நீ கடுதாசி எழுதித்தான் எனக்குத் தெரியணுமா? அன்னைக்குக் காலையில அம்மாவைத் துடைக்கறப்ப என் விரல் அதுல பட்டுது. ஒண்ணு லேசா விட்டு ஒரு சொட்டுத் தண்ணி வந்துது, மயில் கழுத்து நிறத்துல. மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு வருஷம் பூரா மயில்துத்தம் கரைச்சு ஊத்தறவடா நான். அந்த நிறம் தெரியாதா? என் தம்பி எங்கேயோ வாய் பார்த்துக்கிட்டு வேலை செஞ்சிருக்கறான்னு அப்பவே தெரிஞ்சுட்டுது.

ஒன்பது நாள் சம்பங்கி பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்தப் பிள்ளை தண்ணி கேக்குது, வாயைத் திறக்க முடியல. நான் ஊசி வேணாம்னு சொன்னதுனாலதான் தெருவே வேணாம்னு சொல்லிச்சு. பூசாரி பொண்டாட்டி சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்கறது? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? அதைத்தான் அம்மாகிட்ட அன்னைக்குக் கேட்டுக்கிட்டே துடைச்சேன். துடைக்கறப்ப இது கையில தட்டுப்படுது.

தலைப்பு எப்பவும் இடது தோள்மேலதான் வரும். அன்னைக்கு மட்டும் வலது பக்கம் எப்படிப் போச்சுன்னு நினைச்சே? சரோஜம்மா பார்வைக்கு நேரா நிக்கற மாதிரி யார் வெச்சான்னு நினைச்சே?

பொய்யின்னு நினைக்காதே. நீ கதை கேட்டுக்கிட்டு மெழுகை மறந்தியே, உடம்பு பூரா இருக்க அந்த இடத்துல எதுக்கு மறந்தே? உன் சோம்பேறித்தனத்தைக்கூட அவ ஒரு காரியத்துக்கு எடுத்துக்கிட்டா. வேற யாரு அதை எடுத்துக்குவா?

திருவிழா பதினாலாம் தேதி. நாராயணம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. வெங்கடப்பனும் வரட்டும், அவன் பல்லு எப்படி இருக்குதுன்னு பார்க்கணும். தேய்ச்சு மெருகேத்தற சாமான் இருந்தா எடுத்துக்கிட்டு வா, மூக்குக்கிட்டக் கொஞ்சம் மங்கியிருக்குது.

மெழுகு கொண்டுவராதே."

இதற்குக் கீழே இருக்கும் மஞ்சள் கட்டைவிரல் அத்தையுடையது. பக்கத்தில் இருக்கும் சின்னது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

செல்லி